காலணி கடந்து வந்த பாதை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டுக் காலணி நிறுவனங்களின் வரலாற்றைப் பேச முன்வந்திருக்கிறோம். கல்விக்கும் காலணிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். விடியுமுன் நம் ஊர்ச் சாலையோரங்களில் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்பிள்ளைகள் பலர் சோற்றுப் பாத்திரத்தோடு அவற்றில் ஏறுகிறார்கள். சங்கத்தில் பயிலும் தம்பி தங்கையரின் கட்டணத்தைக் கட்டுவதும் பல வீடுகளில் அவர்களுடைய சம்பளமே. அவர்கள் செய்யும் பொருள் யாருக்காகச் செய்யப்படுகிறது, அதன் விலை யாரிடம் போய்ச் சேருகிறது, அத்தொழிலில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பவற்றை அறிவதும் கல்வியே ஆகும்.

செருப்பு என்னும் உரிமை

காலைக் காப்பது செருப்பின் வேலை. நம் நாட்டிலோ அது ஒருவனுடைய பிறப்பை ஊருக்கு அறிவிக்கும் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. ஊர்த்தெருவின் முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த முதியோர் நம் மக்களிடையே எத்தனையோ பேர். நம் வட்டாரத்தில் நம்மவர் பெரும்பாலும் உழவுக் கூலிகளாகவே வாழ்ந்தனர். ஆயினும் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையும் அவர்கள் தலையில் சுமத்தப்பட்டது. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துத் தந்த அருந்ததியச் சகோதரர்களுக்கோ இழிவு இன்னும் ஒரு மடங்கு கூடுதல். தைத்தவர் அணியலாகாது, அணிந்தவர் தைத்தவரைத் தீண்டலாகாது. இதுவே அன்றைய ஊர்நீதி.

1924ஆம் ஆண்டில், பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் யாவருக்கும் உரிமை உண்டென்னும் தீர்மானம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அப்போது அம்மன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தார். தெருவில் நடக்கும் உரிமைக்கே சட்டமன்றத்தில் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது.

அது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலினத்தார் பொது இடத்தில் செருப்பணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அத்திருத்தம் வெளிப்படையாகவே கூறுகிறது. 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து இராஜாவூரில் நம் மக்கள் ஏறக்குறைய அறுபது பேர், காலங்காலமாகச் செருப்பணிந்து நடக்க முடியாதிருந்த தெருவில் செருப்போடு நடந்து தடையை உடைத்தனர். உலகத்துக்கே பின்னலாடையும் விளையாட்டு உடையும் தைத்தனுப்பும் மாவட்டத்தில் நடந்த செய்தி இது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தான் பந்தயத்தில் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். வெறுங்காலும் காலணியும் அவருடைய விருப்பத்துக்குரியவை. நம் முன்னோரின் வெறுங்கால் ஊரின் கட்டளை.

செருப்புத் தைத்தவர் வளர்ந்த கதை

இனி இத்தொழில் உலகில் வளர்ந்த வரலாற்றைக் காண்போம். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிபெறும் என்று கண்டார். அதன் பயனாக ரப்பர் அடியும் துணி மேற்பகுதியும் கொண்ட இலேசான காலணிகள் தோன்றின. நம் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கான்வாஸ் காலணி அவ்வழி வந்ததே.

செருமனியில் ஹெர்சோகனௌராக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகன் அடால்ஃப் டாஸ்லர். தாய் துணி வெளுக்கும் தொழில் செய்தவர். அத்தாயின் சலவை அறையிலேயே முதல் உலகப் போருக்குப் பின் அம்மகன் ஓட்டக்காரர்களுக்கான காலணிகளைச் செய்யத் தொடங்கினார். அண்ணன் ருடால்ஃப் துணை சேர, 1924இல் சகோதரர் பெயரில் நிறுவனம் பதிவாயிற்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், இட்லரின் கண்ணெதிரே நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அணிந்தது டாஸ்லர் சகோதரரின் முள்காலணி. அச்சகோதரர்கள் நாசிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் இருவரும் பகைத்துப் பிரிந்தனர். 1948இல் அண்ணன் பூமா நிறுவனத்தையும், 1949இல் தம்பி அடிடாஸ் நிறுவனத்தையும் ஒரே ஊரில் அமைத்தனர்.

அதே 1949இல் சப்பானின் கோபே நகரில் கிஹாச்சிரோ ஒனிட்சுகா என்பார் காலணித் தொழில் தொடங்கினார். அவருடைய டைகர் காலணிகளை வரவழைத்து விற்பதற்காக, 1964இல் அமெரிக்காவில் பில் நைட் என்னும் இளைஞரும் அவருடைய ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஒரு நிறுவனம் கண்டனர். பவர்மன் தம் வீட்டில் பலகாரம் சுடும் கட்டம்போட்ட இரும்பு அச்சில் ரப்பரை வார்த்துப் புதுவகை அடிப்பகுதியைச் செய்துபார்த்தவர். 1971இல் அவர்கள் தம் காலணிக்கு நைக்கி என்று பெயரிட்டனர். வளைந்த கோடு போன்ற அதன் சின்னத்தை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி. அதற்காக அவர் அப்போது பெற்ற ஊதியம் 35 டாலர். 1983இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளையும் அளித்தது.

இவ்வரலாற்றில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செருப்புத் தைப்பவர் செருமனியிலும் ஏழைகளே. ஆயினும் செருப்புத் தைத்தமைக்காக அவர்களைத் தெருவிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலக்கி, பிள்ளைகளையும் அதே தொழிலில் கட்டிவைக்கும் ஏற்பாடு அங்கே இருந்ததில்லை. ஆகவே சலவை அறையில் தொடங்கிய கைத்தொழில் வங்கிக்கும் சந்தைக்கும் போய்ச்சேர முடிந்தது. நம் நாட்டில் அக்கைத்திறன் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதை வளர்க்கும் வழிதான் அடைக்கப்பட்டது. ஆகராவில் சாதவ் மக்கள் காலணித் தொழிலால் ஓரளவு பொருள் சேர்த்தபோது, அப்பொருளைக் கொண்டு கல்வியும் அரசியல் விழிப்பும் பெற்றார்கள். வழி சற்றே திறந்தாலும் நம் மக்கள் முன்னேறுவார்கள் என்பதற்கு அது சான்று.

கூலியைத் தேடிச் செல்லும் தொழில்

நைக்கி போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே தொழிற்சாலை வைத்துக் காலணி செய்வதில்லை. வடிவமைப்பும் விளம்பரமும் விற்பனையும் அவர்களுடையவை. செய்து தருவது ஒப்பந்த நிறுவனங்கள். முதலில் சப்பானில் செய்தார்கள். அங்கே கூலி உயர்ந்ததும் தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் வேலை போயிற்று. அங்கும் உயரவே சீனா, இந்தோனேசியா, வியட்நாம் என்று அது நகர்ந்தது. இந்த நூற்றாண்டில் அது தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

1971இல் தைவானில் தொடங்கப்பட்ட ஃபெங் டே நிறுவனம், அந்தப் பத்தாண்டிலேயே நைக்கிக்குக் காலணி செய்து தரத் தொடங்கியது. அதன் குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் காலணித் தொழிற்சாலையே நம் அண்டையில் செய்யாற்றுச் சிப்காட் வளாகத்தில் இயங்குவது. ஆயிரக்கணக்கானோர், அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள், அங்கே பணிபுரிகின்றனர். மேற்பகுதியை வெட்டுதல், தைத்தல், அடிப்பகுதியை வார்த்தல், பசையிட்டு ஒட்டுதல், சரிபார்த்தல் என்று ஒரு காலணி பல கைகள் மாறி உருவாகிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி மற்றும் தோல் பொருள்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதன்பின் பெரம்பலூரில் ஆலை எழுந்தது. 2024இல் இராணிப்பேட்டை மாவட்டப் பனப்பாக்கத்திலும் அடிக்கல் நாட்டப்பட்டது. நம் மாவட்டத்தைச் சுற்றி இத்தொழில் இன்னும் வளரும் என்றே எதிர்பார்க்கலாம்.

வந்த தொழிலை நாம் வரவேற்கிறோம். ஆண்டையின் களத்தில் நெல்லளந்து வாங்கிய கூலிக்கும், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சேரும் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். ஆனால் கூலி குறைந்த இடத்தைத் தேடி வந்த தொழில், நாளை அதனினும் குறைந்த இடத்தைத் தேடிப் போகக்கூடும். கொரியாவிலும் தைவானிலும் காலணி வேலை குறைந்தபோது அந்நாடுகள் தத்தளித்து நிற்கவில்லை. அதற்குள் அங்கே இயந்திரம், இரசாயனம், மின்னணு ஆகியவற்றில் திறன் பெற்ற ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. தைவான் தானே முதலாளியாகி நம் ஊருக்கு ஆலை வைக்க வந்தது. அந்தப் பாடத்தையே நாம் படிக்க வேண்டும்.

பாலாறும் செய்யாறும்

நம் வட்டாரத்துக்கு அருகே திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. காலணித் தொழிலின் இரு காலங்களையும் இவ்வாறுகளின் கரைகளிலேயே காணலாம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. சென்னைக் குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றி, பிறர் அதைக் காலணியாக்கி இலாபம் காண்பதே நெடுங்கால வழக்கம். 1970களில் மைய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாய்ப் பதனிட்டதையும் கட்டுப்படுத்திய பின்னரே, இங்கேயே காலணி செய்யும் தொழில் வேரூன்றியது.

அத்தொழிற்கூடங்களில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். தோற்கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டன. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீர் கெட்டபோது முதலில் துன்புற்றவர்கள், சொந்தக் கிணறும் வேறு பிழைப்பும் இல்லாத கூலி மக்களே.

செய்யாற்றுக் கரையில் வந்திருக்கும் தொழில் வேறு வகை. இன்றைய விளையாட்டுக் காலணியில் தோல் மிகக் குறைவு. செயற்கை இழைத் துணி, நுரைப்பொருள், ரப்பர் ஆகியவையே மிகுதி. தோலைத் தொட்டதால் தீட்டு என்று சொன்னவர்களுக்கு இன்று சொல்வதற்குத் தோலும் இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து காலணி தைக்கிறார்கள். தீட்டு என்பது பொருளில் இருந்ததில்லை, மனிதர் மனத்திலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான மெய்ப்பு வேண்டுமோ?

பந்து வீசலாம், தலைமை தாங்கலாகாது

விளையாட்டு உலகிலிருந்தே ஒரு சான்று கூறுவோம். பல்வங்கர் பாலு என்பார் சாமர் குலத்தில் தோன்றிய பந்துவீச்சாளர். புனாவில் வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, பந்துவீச்சால் புகழ் பெற்றவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணியினர் அவருடைய பந்துவீச்சை வேண்டினர். ஆனால் தேநீர் வேளையில் அவருக்குத் தனிக் குவளை வைத்தனர். அணித்தலைமை அவருக்கு அளிக்கப்படவே இல்லை. போராட்டத்துக்குப் பின், 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்கே அத்தலைமை கிடைத்தது.

இன்று நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலணி தைக்கும் வரிசையில் நமக்கு இடம் உண்டு. வடிவமைப்பு அறையில் எத்தனை பேர் இருக்கிறோம்? பொருள் சோதனைக் கூடத்தில், கொள்முதல் பிரிவில், மேலாண்மையில் எத்தனை பேர்? காலணிக்குக் கடைக்காரர் சொல்லும் விலையில் தைத்தவரின் கூலி ஒரு சிறு பகுதியே. பெரும்பகுதி வடிவமைப்புக்கும் பெயருக்கும் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் சென்றுவிடுகிறது. அசாமிய உழவர் குடும்பத்து ஓட்ட வீராங்கனை இமா தாஸ், தொடக்கத்தில் சாதாரணக் காலணியில் அடிடாஸ் என்று தம் கையாலேயே எழுதிக்கொண்டதாகக் கூறியிருக்கிறார். பின்னர் அந்நிறுவனமே அவர் பெயரைக் காலணியில் பொறித்துத் தந்தது. ஒரு பெயருக்கு இருக்கும் ஆற்றல் அத்தகையது. கையால் உழைப்பதில் இழிவில்லை. கையால் மட்டுமே உழைக்க வேண்டும் என்று பிறர் விதிப்பதைத்தான் நாம் ஏற்க முடியாது.

வாயிலுக்குள்ளே நமக்குள்ள உரிமை

பெரிய நிறுவனங்கள் தாமாகவே நல்லவை ஆகிவிடவில்லை. 1996இல், பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் ஒரு சிறுவன் நைக்கிச் சின்னமிட்ட கால்பந்தைத் தைக்கும் படம் அமெரிக்க ஏடு ஒன்றில் வெளிவந்தது. மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் எழுப்பிய கண்டனத்தின் பின், 1998 மே மாதத்தில் பில் நைட் அவர்களே, காலணி ஆலைகளில் சேரும் குறைந்த வயதைப் பதினெட்டாக உயர்த்துவதாக அறிவித்தார்.

நம் மாநிலத்தில் இதனினும் நெருக்கமான சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையில் பணிபுரிந்த தலித் இளம்பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது போராடியது. 2022இல் ஆலையின் உரிமையாளரும் வெளிநாட்டு நிறுவனங்களும் அச்சங்கத்தோடு கையெழுத்திட்ட உடன்பாடு, திண்டுக்கல் ஒப்பந்தம் என்று வழங்குகிறது. பாலியல் தொல்லைக்கும் சாதி இழிவுக்கும் எதிராகத் தொழிலாளரே தளத்தில் கண்காணிக்க அது வழிசெய்தது. உலகச் சந்தையில் பெயர்பெற்ற நிறுவனங்களை நம் பெண்கள் மேசைக்கு வரச்செய்தார்கள்.

ஆகவே வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் தம் பெயரில் செலுத்தப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத பணியிடம் ஒவ்வொன்றிலும் பாலியல் தொல்லை பற்றி முறையிட உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே கேட்டறிய வேண்டும். சங்கம் சேர்வது நம் அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இத்தொழிலின் உயர்கல்விக்கு நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது; அதன் வளாகம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையமும், அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பயில்வோருக்கு இவற்றின் சேர்க்கை முறையையும் இட ஒதுக்கீட்டையும் கல்வி உதவித்தொகையையும் விளக்கி, விண்ணப்பம் நிரப்பவும் சங்கம் துணை செய்ய வேண்டும்.

இரண்டாவது, வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு வேண்டும். தொழிலாளர் சட்டம், கணினி, ஆங்கிலம் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறட்டும். ஆலைக்குச் சென்றதோடு படிப்பு முடிந்தது என்னும் எண்ணம் நம் வீடுகளிலிருந்து அகல வேண்டும். அஞ்சல்வழிப் பட்டம் பெற்று மேற்பார்வைப் பணிக்கு உயர விரும்பும் பெண்ணுக்குத் திருமணத்தைக் காட்டித் தடை போடாதீர்கள் என்று பெற்றோரை இரந்து கேட்கிறோம்.

மூன்றாவது, சில ஆண்டுகள் பணிபுரிந்து தொழிலின் நுணுக்கம் கற்றவர்கள் கூடி, பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பகுதிகள் செய்து தரும் சிறுதொழிற்கூடம் தொடங்க எண்ண வேண்டும். 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் இருப்பது நம் பொருட்டே. அதன் கடனுதவியைப் பெறத் திட்ட அறிக்கையும் கணக்கறிவும் வேண்டும். அவ்விரண்டையும் தருவது கல்விச் சங்கத்தால் ஆகும்.

பெரியோர்களே! நம் உத்திரமேரூர் முதற்பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டால் உலகப் புகழ் பெற்றது. அக்கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்தில் பெயர் இடப்பட வேண்டுமாயின் சொந்த மனையும் இறை செலுத்தும் நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. நிலமும் மனையும் கல்வியும் மறுக்கப்பட்ட நம் முன்னோரின் பெயர் அக்குடத்துக்குள் எவ்வாறு சென்றிருக்கும்? அண்ணல் அம்பேத்கர் தந்த அரசியல் சட்டமே நம் ஓலையை நாட்டின் குடத்தில் இட்டது. தொழில் உலகின் குடத்தில் நம் ஓலை இன்னும் விழவில்லை. அதை எழுதத் தேவையான எழுத்தறிவை இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்து வந்திருக்கிறது.

விழா முடிந்து கலைந்தபின், நாளை விடியுமுன் அந்தப் பேருந்து மீண்டும் வரும். ஏறும் பிள்ளைகள் தலைநிமிர்ந்து ஏறட்டும். அவர்களில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒருவரேனும் இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்லும் பேருந்திலும் ஏற வேண்டும். அவருடைய பெயரைச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து சொல்லும் பொறுப்பை இன்றே ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமைகிறோம்.